கலப் போக்குவரத்தும் புற்றுநோயும்: ஒரு பெயரின் சரித்திரம்

"மதுவத்தை ஆராய்வதால் மனிதனுக்கு விளையும் பயன் யாது?" என்னும் வினா மாணவரிடையே அடிக்கடி எழுவதுண்டு. வினாவிற் குற்றமில்லை. ஏழை நாடொன்றிலே, மருத்துவமனை வாயிலில் மக்கள் நெடுநேரம் வரிசையில் நிற்கும் வேளையிலே, அப்பமாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரின் அகவாழ்வை ஒருவர் ஆயுள் முழுதும் ஆராய்ந்துகொண்டிருப்பது வீண்பொழுது எனத் தோன்றுவது இயல்பே. ஆட்சியாளரும் இதே வினாவைக் கேட்பர். அவர்கள் கேட்பது விடையறியும் பொருட்டன்று. ஆராய்ச்சிக்குரிய பணத்தை வெட்டுவதற்கு இதைவிட வசதியான வினா வேறில்லை. இதற்குத் தத்துவரீதியாக விடை கூறப் புகுவதிலும் பார்க்க ஒரு புரதத்தின் சரித்திரத்தை எடுத்துரைப்பது மேல் எனக் கருதுகிறேன். அதன் பெயர் ரீ.எஸ்.ஜீ. 101. 'கட்டி தோன்றும் இயல்போடு தொடர்புடைய பரம்பரையலகு 101' என்பது அவ்வெழுத்துக்களின் விரிவு. 1996 இலே அப்பெயரை இட்டவர்கள் அதற்கெனக் கருதிய தொழில் ஒன்று. கலத்தினுள்ளே அது காலங்காலமாகச் செய்துவந்த தொழில் வேறொன்று. ஆயினும் கதை 1996 இலே தொடங்குவதன்று. புற்றுநோயைத் தேடிப் புறப்பட்டோர் சாதாரண கலத்தைக் கண்டுகொண்டு திரும்பியமை அதற்கு நெடுங்காலம் முன்னரும் நிகழ்ந்திருக்கிறது. அங்கிருந்து தொடங்குவதே முறை.

1909 ஆம் ஆண்டிலே நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு, மார்பிலே கட்டி வளர்ந்த கோழி ஒன்று கொண்டுவரப்பட்டது. எண்ணெய் முதலாளி ஜோன் டி. றொக்பெல்லரின் பணத்தைக் கொண்டு 1901 இல் நிறுவப்பட்ட நிலையம் அது. எண்ணெய்த் தொழிலாளரின் உழைப்பு எவ்வாறு விஞ்ஞானக் கூடமாக உருமாறிற்று என்பது தனியொரு கட்டுரைக்குரிய பொருள். அங்கு பணிபுரிந்த இளம் மருத்துவர் பெய்ற்றன் றௌஸ் அக்கட்டியை அரைத்து, கலங்கள் யாவும் தடுக்கப்படுமாறு மிக நுண்ணிய வடிகட்டியினூடாகச் செலுத்தி, வடிந்த திரவத்தை நலமுள்ள கோழிகளின் உடலில் ஏற்றினார். அவற்றிலும் அதே கட்டி தோன்றியது. கலமே இல்லாத திரவமொன்று புற்றைப் பரப்பக்கூடும் என்னும் முடிபை அவர் 1911 இல் வெளியிட்டபோது அதனை ஏற்க முன்வந்தோர் மிகச் சிலர். கோழியின் கட்டி உண்மையான புற்றன்று என்று கூறி ஒதுக்கியோரே பலர். அக்கண்டுபிடிப்புக்கான நொபெல் பரிசு 1966 இலேதான் றௌஸை வந்தடைந்தது. அப்பொழுது அவருக்கு வயது 87.

அத்திரவத்தில் உள்ள எது புற்றை உண்டாக்குகின்றது என்பதை அறியும் பணியை, 1929 இலே அதே நிலையத்துக்கு வந்துசேர்ந்த அல்பேட் குளோட் என்னும் பெல்ஜியம் நாட்டவர் மேற்கொண்டார். இவருடைய வாழ்க்கை எமது மாணவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. லோங்லியே என்னும் சிற்றூரிலே பேக்கரி நடத்திய ஒருவரின் மகன். தாயார் மார்புப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது ஏழு. இளமையிலே உருக்காலையில் வேலை செய்தார். முதலாம் உலக யுத்தத்தின்போது, ஜேர்மன் படையின் ஆக்கிரமிப்பிலிருந்த தம் நாட்டிலே பிரித்தானிய உளவுத்துறைக்காகப் பணியாற்றினார். இடைநிலைப் பள்ளிச் சான்றிதழ் அவரிடம் இருக்கவில்லை. யுத்தத்திற் பணிபுரிந்தோர் அச்சான்றிதழ் இன்றியும் பல்கலைக்கழகம் புகலாம் என நாடு வழிசெய்தமையாலேயே 1922 இல் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டே பிள்ளைகளின் அறிவை அளந்து பழகிப்போன எம்போன்ற ஆசிரியர்கள் இவ்விடத்திலே சற்று நின்று சிந்திப்பது நன்று.

குளோட் கையாண்ட முறை எளிது. கட்டியின் கலங்களை நொறுக்கிக் கூழாக்கி, மையநீக்கப் பொறியில் இட்டுச் சுழற்றினார். பாரமான பகுதிகள் முதலில் அடியிற் படியும். வேகத்தைக் கூட்டக் கூட்ட நுண்ணியவை படியும். புற்றுண்டாக்கும் ஆற்றல் முழுவதும் மிக நுண்ணிய துணிக்கைகள் கொண்ட அடையலிலே குவிந்திருந்தது. தேடிய பொருள் கைக்கு வந்துவிட்டது என்று அவர் கருதியிருந்தால் வியப்பில்லை. ஆயின், ஒப்பிடும் பொருட்டு நோயற்ற கோழிக் கருவின் இழையத்தையும் அவ்வாறே சுழற்றிப் பார்த்தார். அதிலும் அதே பருமனும் அதே இரசாயன இயல்பும் கொண்ட துணிக்கைகள் வந்து படிந்தன! 1938 இல் இதனை அறிவித்தார். புற்றின் வித்து எனக் கருதிய அடையலின் பெரும்பகுதி எந்தக் கலத்திலும் காணப்படும் சாதாரணப் பொருளே. வேறொருவராயின் சலித்துப்போய்ப் பணியைக் கைவிட்டிருத்தல் கூடும். குளோட் நோயை ஒருபுறம் வைத்துவிட்டு அந்தச் சாதாரணப் பொருளைப் பின்தொடர்ந்தார். நவீன கலவியல் அந்தத் திருப்பத்திலே பிறந்தது என்று கூறினால் மிகையாகாது.

றௌஸ் கண்ட வைரசின் கதையும் ஈற்றில் அவ்வாறே முடிந்தது என்பதை இங்கே இடைப்பிறவரலாகக் குறிப்பிடலாம். அவ்வைரசு சுமந்து செல்லும் புற்றுப் பரம்பரையலகு, நோயற்ற கோழியின் கலத்திலேயே இயல்பாக இருக்கும் பரம்பரையலகு ஒன்றின் திரிந்த வடிவம் என்பது 1976 இலே பிஷப், வார்மஸ் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்டது. புற்று புறத்தேயிருந்து வரும் பகைவன் என்னும் கருத்து அன்றோடு பெரிதும் தளர்ந்தது.

குளோட்டின் துணிக்கைகள் யாவை? 1945 இலே அவரும் கீத் போட்டர் முதலியோரும் முழுக் கலமொன்றை முதன்முதலாக இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் படம் எடுத்தனர். அதுகாறும் வெறும் கூழ் எனக் கருதப்பட்ட குழியவுருவிலே பின்னல் வேலை போன்றதோர் வலை தென்பட்டது. துணிக்கைகள் அவ்வலை நொறுங்கிய துண்டுகளே. மறு ஆண்டு ருமேனியாவிலிருந்து ஜோர்ஜ் பலாடே அமெரிக்கா சென்று இவர்களோடு சேர்ந்தார். இவர் ஆசிரியக் குடும்பத்திற் பிறந்தவர்.

இவ்விடத்திலே ஒரு பழைய வழக்கும் குறுக்கிடுகின்றது. இத்தாலியரான கமில்லோ கொல்கி 1898 இலே கூகையின் சிறுமூளைக் கலங்களை வெள்ளி உப்பினாற் சாயமூட்டி நோக்கியபோது, கருவைச் சூழ்ந்து கறுத்த வலையுருவம் ஒன்றைக் கண்டார். அது உண்மையான உறுப்பா, சாயத்தால் விளைந்த போலித் தோற்றமா என்பது பற்றி அரை நூற்றாண்டு காலம் அறிஞர் வாதிட்டனர். 1949 இலே பலாடேயும் குளோட்டும் சேர்ந்து, அது போலித் தோற்றமே எனும் கருத்துப்பட எழுதினார்கள். சில ஆண்டுகளுள் இலத்திரன் நுணுக்குக்காட்டி அவ்வுறுப்பைத் தட்டத் தெளிவாகக் காட்டிவிட்டது. தாம் இல்லை என்ற அந்த உறுப்பு கலத்திலே செய்யும் வேலையைப் பின்னர் விளக்கியவர்களுள் முதன்மையானவர் அதே பலாடே. இக்காலத்து விஞ்ஞானிகளின் வரலாறுகளைப் புராணம் பாடுவதுபோல எழுதுவோர் இத்தகைய செய்திகளை நழுவ விட்டுவிடுகின்றனர்.

1960களிலே பலாடேயும் அவருடைய தோழர்களும் கினிப்பன்றியின் சதையியை எடுத்துக்கொண்டனர். சமிபாட்டு நொதியங்களை ஓயாது உற்பத்தி செய்து வெளியேற்றும் உறுப்பு அது. கதிர்த்தொழிற்பாடுடைய அமினோ அமிலத்தைச் சில நிமிட நேரம் மட்டும் ஊட்டி, பின்னர் அதனை நிறுத்தி, அடையாளமிடப்பட்ட புரதம் ஒவ்வொரு வேளையிலும் எங்கே நிற்கிறது என்று பார்த்தனர். முதலில் வலையிலே; சிறிது நேரத்தின் பின் கொல்கி உறுப்பிலே; பின்னர் மென்சவ்வாலான சிறு பைகளிலே; ஈற்றிற் கலத்துக்கு வெளியே. பாடநூல்கள் இதற்குத் தபாற் கந்தோரை உவமை கூறிக் கூறி அவ்வுவமையைத் தேய்த்துவிட்டன. எனினும் அதிலே ஓர் உண்மையுண்டு: பொருளைச் சுமப்பதிலும் பார்க்க முகவரி பார்த்துப் பிரிப்பதே கடினமான வேலை. குளோட், பலாடே, இலைசோசோமைக் கண்டறிந்த டி டுவே ஆகிய மூவருக்கும் 1974 இல் நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

வழி தெரிந்தது, வழியை நடத்துவோர் யார் என்பது தெரியவில்லை. இங்கேதான் மதுவம் வருகின்றது. கலிபோனியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்திலே றண்டி ஷெக்மனும் அவருடைய மாணவர் பீற்றர் நோவிக்கும், 25 பாகை வெப்பத்தில் நன்றாக வளர்ந்து 37 பாகையில் ஏற்றுமதி தடைப்பட்டு நிற்கும் மதுவ விகாரங்களைத் தேடினர். ஏற்றுமதி நின்ற கலம் உள்ளே பொருள் தேங்கி அடர்த்தி மிகும். மிகவே, மையநீக்கப் பொறியிலே மற்றவற்றினின்றும் பிரிந்து கீழே இறங்கும். முதலாவது விகாரம் 1979 இலும், மொத்தம் 23 பரம்பரையலகுகள் 1980 இலும் அறிவிக்கப்பட்டன. சில விகாரங்களிலே சிறு பைகள் கலம் நிறையக் குவிந்து கிடந்தன. பண்டகசாலையின் வாயில் அடைபட்டாற் போல. மறுபுறம் ஜேம்ஸ் றொத்மன் விலங்குக் கலங்களை உடைத்து, கொல்கி உறுப்பின் போக்குவரத்தைச் சோதனைக் குழாயிலே நிகழச்செய்து, அதற்கு இன்றியமையாத புரதமொன்றைப் பிரித்தெடுத்தார். 1989 இலே அப்புரதமும் ஷெக்மனின் மதுவப் பரம்பரையலகு ஒன்று தரும் புரதமும் ஒரே குடும்பத்தன என்பது வெளிப்பட்டது. மதுவமும் மனிதனும் பொதுமூதாதையிலிருந்து பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த ஏற்பாடு மாறவில்லை. இவ்விருவரும் தோமஸ் சூட்ஹொப்பும் 2013 இல் நொபெல் பரிசு பெற்றனர்.

இதுவரை கூறியது வெளிச்செல்லும் போக்குவரத்து. உட்செல்லும் போக்குவரத்தும் உண்டு. புற்றுநோயோடு நெருங்கிய உறவுடையது அதுவே. கலத்தின் மேற்பரப்பிலே வாங்கிகள் எனப்படும் புரதங்கள் நிற்கின்றன. 'வளர்க, பிரிக' என்னும் செய்தியைக் கொணரும் வளர்ச்சிக் காரணி வந்து வாங்கியோடு பொருந்தியதும் செய்தி கலத்தினுள்ளே செல்லும். செய்தி சென்றபின் அது நிற்கவும் வேண்டுமன்றோ? கலம், காரணியையும் வாங்கியையும் சேர்த்து உள்ளே விழுங்கி, இலைசோசோமுக்கு அனுப்பி அழித்துவிடும். மேற்றோல் வளர்ச்சிக் காரணி இவ்வாறு உள்ளெடுக்கப்பட்டு அழிக்கப்படுவதை 1976 இலே காப்பென்றரும் ஸ்ரான்லி கோஹனும் காட்டினர். விழுங்கிய வாங்கி அழியாது மீண்டும் மேற்பரப்புக்குத் திரும்புமாயின் செய்தி ஓயாது ஒலித்துக்கொண்டே இருக்கும். ஓயாத வளர்ச்சிச் செய்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி 1996. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே லிமின் லீயும் ஸ்ரான்லி என். கோஹனும் ஒரு புதுமுறையை வகுத்தனர். (மாணவர் மயங்குதல் கூடாது: இவர் மேலே கூறிய கோஹன் அல்லர். முன்னவர் வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தவர். பின்னவர் 1973 இலே ஹேர்பேட் பொயருடன் சேர்ந்து டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டிப் பெருக்கும் முறையைத் தந்தவர்.) எலியின் கலங்களிலே பரம்பரையலகுகளைக் குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாக முடக்கி, எது முடங்கினாற் கலம் புற்றின் இயல்பைப் பெறுகிறது என்று பார்ப்பதே அம்முறை. ஒரு பரம்பரையலகு முடங்கியபோது கலங்கள் பற்றுவதற்குத் தளமின்றியும் வளர்ந்தன. நோயெதிர்ப்புக் குறைந்த எலிகளின் உடலில் இட்டபோது கட்டிகளாயின, பரவவும் செய்தன. முடக்கத்தை நீக்கியதும் அடங்கின. அதற்கே ரீ.எஸ்.ஜீ. 101 எனப் பெயரிட்டனர். அந்த அளவில் அது நேர்மையான முடிபு.

மறு ஆண்டு வந்த கட்டுரையே பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மனிதரிடத்திலே இப்பரம்பரையலகு 11 ஆம் நிறமூர்த்தத்தில், பல புற்றுக்களிலே சிதைவுறுவதாக முன்னரே அறியப்பட்ட ஒரு பகுதியில் அமைந்துள்ளது என்றும், ஆராய்ந்த 15 மார்புப் புற்றுக்களில் 7 இலே அதன் உட்பகுதி அறுந்துபோயிருந்தது என்றும் அக்கட்டுரை கூறியது. இதன் கனத்தை உணர வேண்டுமாயின் அக்காலச் சூழ்நிலையை நினைவிற்கொள்ள வேண்டும். மரபுவழி வரும் மார்புப் புற்றோடு தொடர்புடைய பீ.ஆர்.சீ.ஏ. 1 என்னும் பரம்பரையலகு 1994 இலே இனங்காணப்பட்டிருந்தது. ஆயின் மார்புப் புற்றுக்களுள் மிகப் பெரும்பாலானவை மரபுவழி வருவனவல்ல. அவற்றிலே இதன் விகாரம் மிக அரிதாகவே காணப்பட்டது. அவ்வாறாயின் அப்பெரும்பான்மைக்குக் காரணம் யாது? ஏறக்குறைய பாதிப் புற்றுக்களிற் பழுதுபட்டிருக்கும் புதிய பரம்பரையலகு ஒன்று, எல்லோரும் காத்திருந்த விடைபோலத் தோன்றியது.

விடை நிலைக்கவில்லை. 1997 முடியுமுன்னரே, றொபேட் வைன்பேக்கின் ஆய்வுக்கூடத்தினரும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ பைன்பேக் குழுவினரும் தனித்தனியே மார்புப் புற்றுக்களைச் சோதித்து, டி.என்.ஏ. யிலே அத்தகைய அறுபாடு எதுவும் இல்லை என அறிவித்தனர். குறைபட்ட பிரதிகள் இருந்தமை உண்மையே; ஆயின் மூலம் பழுதற்றிருந்தது. நோயற்ற இழையங்களிலும் அதே குறைப்பிரதிகள் காணப்பட்டன.

இதனை விளங்கிக்கொள்வதற்குத் தமிழ் படித்தோர்க்கு ஒரு வசதியுண்டு. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் பழைய ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த முறையை அறிந்தவர்கள், ஏடொன்றிலே நான்கு அடிகள் இல்லாவிடின் புலவன் அவற்றைப் பாடவேயில்லை எனத் துணியமாட்டார்கள். எழுதியவனின் கண் ஓரடியிலிருந்து மற்றோரடிக்குத் தாவியிருக்கலாம். கலத்திலும் டி.என்.ஏ. மூலம், ஆர்.என்.ஏ. பிரதி. பிரதி எடுத்தபின் இடையிலுள்ள வேண்டாத பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, எஞ்சியவை ஒட்டப்படும். அவ்வாறு வெட்டும்போது வேண்டிய பகுதியும் சிற்சில வேளை சேர்ந்து போய்விடும். மேலும், ஆய்வுக்கூடத்திலே பிரதிகளைப் பல இலட்சம் மடங்கு பெருக்கிய பின்னரே படிப்பர். ஆயிரத்தில் ஒன்றாக ஒதுங்கிக் கிடந்த பிழைப்பிரதியும் பெருக்கத்தின் பின் முதன்மைப் பாடம்போல எழுந்து நிற்றல் கூடும். ஏட்டுப் பதிப்பாசிரியருக்கு இல்லாத இடர் இது.

இந்நிகழ்ச்சியை மோசடி எனக் கருதுவது தவறு. பிழை நேர்ந்தது, ஓராண்டுக்குள் அது திருத்தப்பட்டது. அது திருத்தப்பட்டதற்குக் காரணம் ஒருவருடைய மேதையன்று. அதே சோதனையை மீண்டும் செய்து பார்க்கப் பல கைகள் இருந்தன. செய்து பார்த்தவரை எவரும் தடுக்கவில்லை. 1948 இலே சோவியத் விவசாய விஞ்ஞான அகடமியின் மாநாட்டில் லைசெங்கோவின் கொள்கை அரச ஆதரவுடன் அரியணை ஏறியபின், மரபியலாளர் பலர் தம் பதவிகளை இழந்தனர். அதற்கு முன்னரே, 1943 இல், வவிலோவ் சிறையில் மாண்டிருந்தார். அங்கே பிழையைத் திருத்தப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயின. விஞ்ஞானம் மக்களுடைய உடைமை என்று பேசும் நாம் இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்து நோக்கத் தயங்கலாகாது. அதே வேளை, மறுபக்கத்து வணிகத்தையும் மறப்பதற்கில்லை. பீ.ஆர்.சீ.ஏ. பரம்பரையலகுகளுக்கு ஆக்கவுரிமை பெற்ற மிரியட் கம்பனி, அவற்றைச் சோதிக்கும் உரிமையைப் பல ஆண்டுகள் தன் கைக்குள் வைத்திருந்தது. இயற்கையாக உள்ள டி.என்.ஏ. யை ஆக்கவுரிமைக்கு உட்படுத்தல் ஆகாது என அமெரிக்க உயர்நீதிமன்றம் 2013 இலேதான் தீர்ப்பளித்தது. பாதி மார்புப் புற்றுக்களுக்குக் காரணம் எனப்பட்ட பரம்பரையலகின் செய்தி அவசரமாகத் திருத்தப்படாதிருந்தால், அச்சத்தோடு வரும் பெண்களுக்கு அதன்பேரில் ஒரு சோதனை விற்கப்பட்டிருக்காது என எவர் கூறவல்லார்? அதைத் தடுத்த கட்டுரைகளோ 'இங்கே ஒன்றுமில்லை' என்று கூறும் சிறு கட்டுரைகள். அவற்றுக்குப் பரிசு எதுவும் ஏற்படுத்தப்படவில்லை.

புற்றுத் தேடுவோரால் ஏறக்குறையக் கைவிடப்பட்ட அப்புரதம் வேறொரு வாயிலாக மீண்டும் வந்தது. 1980களிலிருந்து ஸ்கொட் எமரும் தொம் ஸ்ரீவன்ஸும் மதுவத்திலே இன்னொரு வழியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். மதுவத்தின் புன்வெற்றிடம் எங்கள் கலத்து இலைசோசோமை ஒத்தது; அங்கே செல்லவேண்டிய புரதங்கள் வழிதவறி வெளியேறிவிடும் விகாரங்களைத் திரட்டினர். இவ்வாறு கிடைத்த நாற்பதுக்கு மேற்பட்ட பரம்பரையலகுகளுள் 23 ஆம் எண் பெற்றது, ரீ.எஸ்.ஜீ. 101 இன் மதுவ வடிவம். 2000 இலே எமரின் குழுவினர் கோஹனின் ஆய்வுக்கூடத்து எலிக் கலங்களையே எடுத்து நோக்கினர். உள்ளே விழுங்கப்பட்ட மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கிகள், அழிவை நோக்கிச் செல்லாமல் விரைவாக மேற்பரப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தன! 1996 இலே கண்ட கட்டிகளுக்கு ஒரு நியாயமான விளக்கம் நான்கு ஆண்டுகளின் பின், அப்பமாவின் உலகத்திலிருந்து கிடைத்தது.

மறு ஆண்டு அதே குழுவினர் இத்தொழிலின் நுட்பத்தையும் விளக்கினர். அழிக்கப்படவேண்டிய வாங்கிமேல் யுபிக்குயிற்றின் என்னும் சிறு புரதம் முத்திரைபோல ஒட்டப்படும். ரீ.எஸ்.ஜீ. 101, வேறு சில புரதங்களோடு கூடி அம்முத்திரையை இனங்கண்டு, வாங்கியைப் பைக்குள் அமைந்த மற்றொரு சிறு பைக்குள் தள்ளுகின்றது. அங்கு புகுந்தபின் அதன் குரல் வெளியே கேளாது. இப்புரதக் கூட்டங்களுக்கு எஸ்கோட் என்று பெயர். வழித்துணை எனப் பொருள்படுமாறு எழுத்துக்களைச் சேர்த்திருக்கிறார்கள். விஞ்ஞானிகளுக்கும் சிலேடையிலே விருப்பமுண்டு. 2001 இலேயே வெஸ்லி சன்ட்குவிஸ்ற் முதலியோர் வேறொன்றையும் காட்டினர்: எயிட்ஸ் நோயை உண்டாக்கும் வைரசு கலத்திலிருந்து அரும்பி வெளியேறுவதற்கு இதே ரீ.எஸ்.ஜீ. 101 ஐயே கவர்ந்து பயன்படுத்துகின்றது.

அவ்வாறாயின் ரீ.எஸ்.ஜீ. 101 புற்றைத் தடுப்பதா? இதற்கு நேர்விடை இல்லை. அதனை முற்றாக நீக்கிய எலிகள் கருவிலேயே இறந்தன. பால்சுரப்பியில் மட்டும் நீக்கிப் பார்த்தபோது புற்றுத் தோன்றவில்லை, கலங்கள் மடிந்தன. புற்றைத் தடுக்கும் பரம்பரையலகு எதிர்பார்க்கப்படும் முறையில் நடந்துகொள்ளவில்லை என்பது வெளிப்படை. மனிதரின் சில புற்றுக்களிலே இப்புரதம் குறைந்திருப்பதற்குப் பதிலாக மிகுந்தும் காணப்பட்டது. பழ ஈயிலே 2005 இற் கண்டது இன்னும் விசித்திரமானது. அதன் கண்ணின் இளம் இழையத்திலே இப்பரம்பரையலகை இழந்த கலங்கள் தாம் மடியும் தறுவாயிலிருந்தும், அழியாது தேங்கிய வாங்கிகளின் தூண்டுதலால் வளர்ச்சிச் செய்தியைச் சுற்றிலும் பரப்பின. அதனால் மிதமிஞ்சிப் பெருகியவை அயலிலிருந்த குற்றமற்ற கலங்கள். கட்டியை அறுத்தெடுத்து அதன் கலங்களிலே மட்டும் விகாரத்தைத் தேடும் வழக்கத்துக்கு இது ஓர் எச்சரிக்கை. கலத்தைத் தனியனாக நோக்குவோருக்கு இந்நோய் அகப்படுவதில்லை.

கலப் போக்குவரத்தைச் சேர்ந்த வேறு புரதங்களும் இப்போது விசாரணையில் உள்ளன. பைகளை வழிநடத்தும் றப் 25 என்பது சூலகம், மார்பு ஆகியவற்றின் புற்றுக்களிலே மிகுந்திருப்பதும் நோயைத் தீவிரப்படுத்துவதும் 2004 இலே அறிவிக்கப்பட்டன. கொல்கி உறுப்பிலே தங்கியிருக்கும் புரதமொன்றின் பரம்பரையலகு பலவகைப் புற்றுக்களில் பல பிரதிகளாய்ப் பெருகியிருப்பது 2009 இலே தெரியவந்தது. கமில்லோ கொல்கியின் கூகையிலிருந்து அது வரை 111 ஆண்டுகள்.

ரீ.எஸ்.ஜீ. 101 இன் பெயரை எவரும் மாற்றவில்லை. 'கட்டி தோன்றும் இயல்பு' என்னும் அடைமொழியோடு அது பட்டியல்களிலே இன்றும் நிற்கின்றது. அப்பெயரை முதன்முறை காணும் மாணவன் அதனைப் புற்றுப் பரம்பரையலகு என்றே எண்ணுவான். 2007 இலே அதன் மற்றுமொரு தொழில் கண்டறியப்பட்டது. கலம் இரண்டாகப் பிரியும்போது மகட்கலங்கள் இரண்டையும் ஈற்றுவரை பிணைத்து நிற்பது மென்சவ்வாலான மெல்லிய பாலமொன்று. அவ்விடத்துக்கு எஸ்கோட் கூட்டத்தை அழைத்துவருவோருள் ரீ.எஸ்.ஜீ. 101 உம் ஒன்று. அது வராவிடின் பாலம் அறுபடுவதில்லை. பிரியவேண்டிய கலங்கள் பிரியாது, இரண்டு கருக்களுடன் ஒன்றாகவே தங்கிவிடுகின்றன.